எலிக்கு ஆறிய புண்ணும் உங்கள் மகனின் அடுத்த மருந்தும்

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஐந்து ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்ற பெருங்குடல் புண் நோய். மாத்திரை, ஸ்டீராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாக எட்டு வாரத்துக்கு ஒரு முறை இன்ஃப்ளிக்ஸிமாப் ஏற்றுகிறார்கள். நன்றாகத்தான் இருந்தான். இப்போது மறுபடி ரத்தம் போகிறது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை, இரவிலும் எழுந்து போகிறான். டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றலாம் என்கிறார். இதற்கிடையில், நோய் எதிர்ப்பு செல்கள் வெளியிடும் நுண்குமிழிகளைக் கொடுத்தால் குடல் புண் ஆறுகிறது என்று ஒரு செய்தி படித்தோம். ஒரு கிளினிக்கோ, 'எக்ஸோசோம் டிரிப்ஸ் போட்டால் குடல் புதுப்பிக்கப்படும், வாழ்நாள் மருந்து வேண்டாம்' என்று விளம்பரம் செய்கிறது. புது மருந்து வேண்டாம், அந்தச் சிகிச்சை முறையாக வரும்வரை காத்திருக்கலாம், இல்லாவிட்டால் அந்தக் கிளினிக்குக்கே போகலாம் என்கிறான் மகன். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

நுண்குமிழிகளுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்திய வரி, ஆறேழு முறை ரத்தத்தோடு போகிறது என்பதும் இரவிலும் எழுகிறான் என்பதும்தான். இந்த நோய் உள்ளவருக்கு ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போனால், உடனே நாடித்துடிப்பையும் காய்ச்சலையும் ஹீமோகுளோபினையும் பார்ப்போம். துடிப்பு நிமிடத்துக்கு 90ஐத் தாண்டினாலோ, உடல் வெப்பம் 37.8 டிகிரி செல்சியசுக்கு மேல் போனாலோ, ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழே இறங்கினாலோ அது தீவிரக் கட்டம். மருத்துவமனையில் சேர்த்து, ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கும். 1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் இது. இன்றும் எங்கள் கையில் இருப்பது அதுதான். ஆகவே இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே உங்கள் டாக்டரை அழைத்து, எத்தனை முறை போகிறது என்று சொல்லிவிடுங்கள். வயிறு உப்பினாலோ, வலி திடீரென்று கூடினாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ அழைப்புக்கும் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இடையில் வலிக்காக இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தர வேண்டாம். அவை இந்த நோயைக் கிளறிவிடக்கூடும்.

இப்போது நீங்கள் படித்த செய்திக்கு வருவோம். அது புரளி இல்லை. நல்ல ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வேலை. என்னைப் போன்ற குடல் மருத்துவர்கள் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கும் துறை. அதனால்தான் அதன் பெயரைச் சொல்லி ஒருவர் டிரிப்ஸ் விற்பதைக் கண்டால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

நம் உடலில் ஏறக்குறைய எல்லா செல்களும் தம் சவ்விலிருந்தே சிறு சிறு குமிழிகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் மிகச் சிறியவைதான் எக்ஸோசோம்கள். சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் வரை குறுக்களவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். 1983இல் கனடாவில் ரோஸ் ஜான்ஸ்டோனின் குழுவும் அமெரிக்காவில் பிலிப் ஸ்டால் என்பவரின் குழுவும், முதிர்ந்துவரும் சிவப்பணுக்கள் தமக்கு இனி தேவைப்படாத புரதங்களை இப்படிக் குமிழியில் வைத்து வெளியே தள்ளுவதைக் கண்டன. வெகுகாலம் இது செல்லின் கழிவு என்றே பலரும் நினைத்தார்கள். 1996இல், நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகையான பி செல்கள் விடும் குமிழிகள், இன்னொரு வகையான டி செல்களைத் தூண்டக்கூடியவை என்று தெரிந்தது. 2007இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஒரு குழு, இந்தக் குமிழிகளுக்குள் ஆர்.என்.ஏ. இருக்கிறது, அது இன்னொரு செல்லுக்குள் போய் அங்கே வேலை செய்கிறது என்று காட்டியது. கழிவு என்று ஒதுக்கியது, செல்லுக்கும் செல்லுக்கும் நடக்கும் பேச்சு என்றானது.

உங்கள் மகனின் நோயில் சிக்கலே இந்தப் பேச்சில்தான். குடலின் உள்வரியில் ஒரே ஒரு செல் அடுக்கு. அதற்கு மேலே கோடானுகோடி பாக்டீரியாக்கள், கீழே உடலின் மிகப் பெரிய நோய் எதிர்ப்புப் படை. இந்த இரண்டும் ஒன்றை ஒன்று பொறுத்துக்கொண்டு வாழ்வதற்கு, படைக்குள்ளேயே அடக்கிவைக்கும் செல்கள் வேண்டும். அவற்றில் முக்கியமானவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காகத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த செல்கள் உருவாவதற்கு வேண்டிய ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதலில் தெரியும் அறிகுறி என்ன தெரியுமா? அடங்காத வயிற்றுப்போக்கு. குடலின் அமைதி யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் அந்த டி செல்களையே எடுத்து, வளர்த்து, திருப்பி ஏற்றிவிடலாமே என்று தோன்றும். அந்த முயற்சியும் நடக்கிறது. ஆனால் உயிருள்ள செல் தன் போக்கில் போகக்கூடியது. அழற்சி கொதிக்கும் இடத்துக்குள் போனதும் குணம் மாறி, அடக்க வேண்டியதே தூண்ட ஆரம்பித்துவிடலாம் என்ற கவலை ஆய்வாளர்களுக்கு உண்டு. குமிழிக்கு அந்தச் சிக்கல் குறைவு. அது பெருகாது, உறையவைத்துச் சேமிக்கலாம், உள்ளே என்ன வைத்துப் புறப்பட்டதோ அதைத்தான் கொண்டுபோகும். உங்கள் மகன் எடுத்துவரும் இன்ஃப்ளிக்ஸிமாப், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற ஒரே புரதத்தை மறிக்கிறது. குமிழியோ புரதம், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ., மேற்பரப்பு அடையாளங்கள் எனப் பல செய்திகளை ஒரே நேரத்தில் சுமக்கிறது. நம்பிக்கை இங்கிருந்துதான் பிறக்கிறது.

எலிகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். டென்ட்ரிட்டிக் செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களை இன்டர்லூகின்-10 என்ற அமைதிப்படுத்தும் புரதத்தில் பழக்கி, அவை விட்ட குமிழிகளைக் கொடுத்திருக்கிறார்கள். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களில் அழற்சியை ஆற்றும் வகையின் குமிழிகளையும், ஒழுங்குபடுத்தும் டி செல்களின் குமிழிகளையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பல ஆய்வுகளில் எலிகள் தேறின. எடை இழப்பு குறைந்தது, ரத்தப்போக்கு குறைந்தது, நுண்ணோக்கியில் திசு நன்றாகத் தெரிந்தது.

ஆனால் அந்த எலிக்கு என்ன நோய் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் குடிதண்ணீரில் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியம் என்ற வேதிப்பொருளைக் கலந்து ஐந்தாறு நாள் குடிக்க வைப்பார்கள். அது குடலின் உள்வரியை அரிக்கிறது. சில நாட்களில் எலிக்கு மலம் இளகும், ரத்தம் வரும், எடை சரியும். கடைசியில் பெருங்குடலை வெளியே எடுத்து அளவுகோலின் பக்கத்தில் வைத்துப் படம் பிடிப்பார்கள். வீங்கிச் சுருங்கிய குடல் ஒரு பக்கம், குமிழி கொடுத்ததால் அவ்வளவாகச் சுருங்காத குடல் மறுபக்கம். பார்த்தவுடன் மனதில் பதியும் படம் அது. ஆனால் அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டாலே எலிக்குப் புண் தானாக ஆற ஆரம்பித்துவிடும். டி செல்லும் பி செல்லும் அறவே இல்லாத எலிக்குக்கூட இந்த அழற்சியை உண்டாக்க முடிகிறது. உங்கள் மகனின் நோய் ஐந்து ஆண்டுகளாக, எந்த விஷமும் குடிக்காமல், அவனுடைய நோய் எதிர்ப்பு நினைவே நடத்திக்கொண்டிருக்கும் நோய். எலி தேறியது மெய். அதை வைத்து உங்கள் மகன் தேறுவான் என்று சொல்ல முடியாது.

விளம்பரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. குமிழி என்பது மருந்தின் பெயர் இல்லை. எந்த செல், எந்த நிலையில் அதை விட்டது என்பதுதான் மருந்து. ஆத்திரத்தில் எழுதிய கடிதமும் ஆறுதலாக எழுதிய கடிதமும் ஒரே மாதிரி உறையில்தான் வரும். உறையைக் காட்டி 'கடிதம் நல்லது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவை எடுத்துக்கொள்ளுங்கள். கோலைடிஸ் தீவிரமாக இருக்கும்போது குடலின் உள்வரிக்குள் கூட்டமாக நுழைவது இதுதான்; பயாப்ஸி அறிக்கையில் இதன் பெயரைப் பார்த்திருப்பீர்கள். மூட்டு அழற்சி ஆய்வுகளில் நியூட்ரோஃபில்களின் குமிழிகள் குருத்தெலும்பைக் காப்பாற்றின என்று 2015இல் வெளியானது. அதே நியூட்ரோஃபில்கள் அழற்சியுள்ள குடலில் விடும் குமிழிகள் நேர்மாறாக நடந்துகொண்டன. 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவை மிர்-23ஏ, மிர்-155 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் குடல் செல்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன. அங்கே டி.என்.ஏ. இழைகள் உடைந்து தேங்கின. புண் மூடுவது தடைபட்டது. ஒரே வகை செல்லின் குமிழிகள்தான். ஒன்று காக்கிறது, மற்றொன்று ஆறவிடாமல் செய்கிறது.

இந்த நிலையில் 'எக்ஸோசோம் டிரிப்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும் பாட்டிலைக் கண்டால் எனக்கு எழும் கேள்விகள் இவை. யாருடைய செல்? நஞ்சுக்கொடியா, கொழுப்பா, வெள்ளணுவா? எந்த நிலையில் வளர்த்தது? ஒரு பாட்டிலில் எத்தனை குமிழி, அதில் எத்தனை குமிழியே அல்லாத புரதக் குப்பை? கிருமி இருக்கிறதா என்று யார் சோதித்தது? இந்தத் துறையின் சர்வதேசச் சங்கமே, எதை எப்படிப் பிரித்தோம், எப்படி எண்ணினோம் என்று ஆய்வாளர்கள் எழுதியாக வேண்டும் என 2014, 2018, 2023 என மூன்று முறை வழிகாட்டுதல்களைத் திருத்தி வெளியிட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கே இவ்வளவு சிரமமான வேலை, விளம்பரப் பலகை வைத்த அறையில் எப்படி முடிந்திருக்கும்? தவிரவும், கையில் ஏற்றும் குமிழிகளில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் விரைவிலேயே பிடித்துக்கொள்கின்றன என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. குடலுக்குப் போய்ச் சேரவைப்பதே தனி ஆராய்ச்சி.

இது என் சந்தேக புத்தி மட்டும் இல்லை. 2019 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில், எக்ஸோசோம் என்று சொல்லி ஏற்றப்பட்ட அனுமதியற்ற பொருட்களால் நோயாளிகளுக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டிருந்தது. தான் அனுமதித்த எக்ஸோசோம் மருந்து என்று ஒன்றுகூட இல்லை என அந்த நிர்வாகம் அப்போதே தெளிவாகச் சொன்னது. உங்கள் மகன் இரண்டு ஆண்டுகளாக எதிர்ப்பு சக்தியை மட்டுப்படுத்தும் மருந்தில் இருப்பவன். சுத்தம் தெரியாத எதையும் அவன் ரத்தத்தில் ஏற்றக் கூடாது.

முறையான பாதையில் வந்த ஒரு மருந்தின் கதையையும் சொல்கிறேன். இது உங்கள் மகனுக்கு அவசியம் தெரிய வேண்டும். க்ரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோயில் ஆசனவாயைச் சுற்றி வரும் சிக்கலான பவுத்திரத்துக்காக, தானமாகப் பெற்ற கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைக் கொண்ட டார்வாட்ஸ்ட்ரோசெல் என்ற மருந்து 2018இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. முதல் பெரிய ஆய்வில் மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் தேறினார்கள். வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். எங்களுக்கெல்லாம் பெரிய மகிழ்ச்சி. பிறகு இன்னும் அதிக நோயாளிகளைச் சேர்த்து இரண்டாம் ஆய்வு நடந்தது. 2023இல் முடிவு வந்தபோது இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவினர், அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், தேறியிருந்தார்கள். 2024 டிசம்பரில் அந்த மருந்து ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. எலியைத் தாண்டி, மனிதரைத் தாண்டி, அனுமதியும் வாங்கிய மருந்துக்கே இந்தக் கதி. நோய் எதிர்ப்பு செல் குமிழிகளோ குடல் நோய்க்கு இன்னும் பெரும்பாலும் எலிக் கட்டத்திலேயே இருக்கின்றன. ஆகவே காத்திருப்பதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை அவனிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஆறாத அழற்சி பெருங்குடலைத் தழும்பாக்கும். ஆண்டுகள் போகப் போகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். நோய் தொடங்கி எட்டு ஆண்டு ஆனதும் கண்காணிப்புக் கொலனோஸ்கோபி ஆரம்பிக்கச் சொல்வது அதனால்தான். தீவிரக் கட்டத்தில் மருந்து கேட்காவிட்டால் பெருங்குடலையே எடுக்க நேரும். அறுவை சிகிச்சையைத் தோல்வி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதனால் உயிர் பிழைத்து நன்றாக வாழ்பவர்கள் நிறையப் பேர். ஆனால் குமிழி மருந்து உண்மையாகவே ஒரு நாள் வந்தால், அது ஆற்றுவதற்கு அவனுக்குப் பெருங்குடல் இருக்க வேண்டும் அல்லவா? இன்றைய மருந்து அதைத்தான் காப்பாற்றித் தருகிறது.

அவன் ஏன் மாற்று மருந்தை வெறுக்கிறான் என்று ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள். என்னிடம் வரும் இளைஞர்கள் பலர், ஒரு மருந்து கைவிட்டதும் 'இனி எல்லாமே இப்படித்தான்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. இன்ஃப்ளிக்ஸிமாப் கேட்காமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கலாம். அல்லது ரத்தத்தில் மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம். அப்படியென்றால் அளவைக் கூட்டினாலோ இடைவெளியைக் குறைத்தாலோ சரியாகிவிடக்கூடும். அடுத்த ஊசிக்கு முன் எடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவதாக, இது நோயே இல்லாமல் தொற்றாகவும் இருக்கலாம். க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா இந்த நோயாளிகளிடம் ரத்தப்போக்கைத் திடீரென்று கூட்டும். மலப் பரிசோதனை பார்க்காமல் மருந்தை மாற்றக் கூடாது.

தொற்று இல்லை, மருந்தின் அளவும் போதுமானதாகவே இருக்கிறது என்றால், டி.என்.எஃப். வழியை விட்டு வேறு வழிக்குப் போகும் மருந்துகள் இருக்கின்றன. வெடோலிசுமாப், வெள்ளணுக்கள் குடலுக்குள் நுழையும் வாசலை மட்டும் மறிக்கிறது. உடலின் மற்ற பாகங்களின் எதிர்ப்பு சக்தியை அவ்வளவாகத் தொடாது. ஆனால் நிதானமாகத்தான் வேலை செய்யும். உஸ்டெகினுமாப், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின் 12, 23 என்ற இரண்டு புரதங்களையும் தடுக்கிறது. டோஃபாசிடினிப், உபாடாசிடினிப் இரண்டும் வாயில் போடும் மாத்திரைகள். பலருக்கு ஒரு வாரத்துக்குள்ளேயே ரத்தப்போக்கு குறைவது தெரியும். ஆனால் அக்கி, ரத்தம் உறைதல் போன்ற அபாயங்களைப் பார்த்து, தடுப்பூசி விவரம் கேட்டு, காசநோய்ப் பரிசோதனை செய்துதான் ஆரம்பிக்க வேண்டும். எது உங்கள் மகனுக்கு ஏற்றது என்பதை அவன் உடலை நேரில் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மாற்றலாம் என்று அவர் சொன்னது சரியான யோசனை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

குமிழி ஆய்வில் சேர ஆசைப்பட்டால் நான் தடுக்க மாட்டேன். அப்படிப்பட்ட இளைஞர்களால்தான் மருத்துவம் முன்னேறுகிறது. பதிவு பெற்ற மருத்துவ ஆய்வு எதுவாக இருந்தாலும் அதற்குப் பொதுவில் பார்க்கக்கூடிய பதிவு எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், ஒப்புதல் படிவத்தில் தீங்குகளும் எழுதியிருக்கும். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால், அது ஆய்வாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 'வாழ்நாள் மருந்து வேண்டாம்' என்று எழுதித் தரும் ஆய்வை நான் பார்த்ததே இல்லை. அப்படி ஏதாவது ஆய்வு கண்ணில் பட்டால், பதிவு எண்ணை உங்கள் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்ஃப்ளிக்ஸிமாபை நிறுத்துவதும் அவரைக் கேட்டுத்தான். தானாக நிறுத்திவிட்டுப் பல மாதம் கழித்து மறுபடி ஏற்றினால் ஒவ்வாமை வரக்கூடும்.

புது மருந்து ஆரம்பித்த பிறகு, ரத்தம் நின்றுவிட்டது என்பதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். சில மாதங்களில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவை மலத்தில் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு கொலனோஸ்கோபியில் புண் ஆறியிருக்கிறதா என்றும். அறிகுறி போய், உள்ளே புண் ஆறாமல் இருக்கும் குடல்தான் ஓராண்டு கழித்து மறுபடி மருத்துவமனைக்கு அழைத்துவருகிறது. அவனுக்கு 24 வயது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேள்விகளை அவனே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். மலப் பரிசோதனை, மருந்து அளவுப் பரிசோதனை இரண்டின் முடிவும் வந்ததும் விருப்பம் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.